ஒன்பது ரூபாய் வாத்தியார்: தஞ்சாவூரில் பிள்ளைங்க படிப்புக்கு யார் செலவு பண்ணாங்க?

இந்த எபிசோடை ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன். கையில பேனா இருந்தா எழுதிக்கோங்க.

40 வாத்தியார், ஆளுக்கு மாசம் 15 ரூபாய். மொத்தம் 600. அடுத்து 300 வாத்தியார், ஆளுக்கு மாசம் 9 ரூபாய். அது 2,700. வாத்தியார்களைத் தயார் பண்ணவும் புத்தகம் அச்சடிக்கவும் மாசம் 700. எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 4,000, வருஷத்துக்கு 48,000 ரூபாய்.

இது 1826 மார்ச் 10-ம் தேதி சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எழுதின குறிப்புல இருக்கிற கணக்கு. அன்னைக்கு மாகாணத்தோட மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். அவ்வளவு பேருக்கும் சேர்த்து சர்க்கார் சம்பளத்துல பள்ளிக்கூடம் நடத்த அவர் கேட்டது இந்த 48,000 ரூபாய்தான். சரியா பத்து வருஷம் கழிச்சு, 1836-ல, அந்தப் பள்ளிக்கூடங்களை மூடிட்டாங்க.

கல்விக்கு அரசாங்கம் இன்னும் அதிகமா செலவு பண்ணணும்னு நாம எல்லாரும் சொல்றோம். பட்ஜெட் நாள்ல ஒரு ட்வீட், தேர்தல் நேரத்துல ஒரு வாக்குறுதி, அதோட முடிஞ்சிடுது. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைக் காவிரி டெல்டாவுல இருந்து பார்த்தா நல்லா தெரியும். ஏன் டெல்டா? காசு இருந்த இடம் அது. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்"னு நம்ம ஊர்ல சொல்வாங்க. தஞ்சாவூர்ல சட்டி பெரும்பாலும் நிறைஞ்சுதான் இருந்துச்சு. அகப்பை யார் கையில இருந்துச்சு, யார் இலையில விழுந்துச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கலெக்டர்களுக்கு ஒரு கேள்வித்தாள்

1822 ஜூன் மாசம் மன்றோ எல்லா ஜில்லா கலெக்டர்களுக்கும் ஒரு உத்தரவு போட்டார். உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, என்ன சாதி, ஆணா பெண்ணா, செலவை யார் பார்த்துக்கறாங்க, எல்லாம் எழுதி அனுப்புங்கன்னு. பதில் வந்து சேரவே வருஷக்கணக்கா ஆச்சு. எல்லாத்தையும் கூட்டினப்போ மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க.

தஞ்சாவூர் பங்கு மட்டும் 884 பள்ளிக்கூடம். அது போக, வேதம் சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிற 109 'காலேஜ்'. அன்னைக்கு காலேஜ்னா ஒரு பண்டிதர் வீட்டுத் திண்ணையில நாலைந்து மாணவர்கள் உட்கார்ந்திருந்தாக்கூட காலேஜ்தான்.

இந்த எண்கள் இன்னைக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு விதமா சுத்துது. "பாருங்க, நம்ம ஊர்ல அப்பவே எல்லாரும் படிச்சாங்க, வெள்ளைக்காரன்தான் கெடுத்தான்"னு ஒரு பார்வர்ட். "வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் பள்ளிக்கூடமே"ன்னு இன்னொரு பார்வர்ட். ரெண்டு பேரும் அட்டவணையைப் பாதியோட நிறுத்திடறாங்க.

மீதிப் பாதியைப் பார்ப்போம். அந்த 1,88,650 பேர்ல பெண் பிள்ளைங்க 4,540. பத்து வயசுக்குள்ள பள்ளிக்கூடம் போற பையன்கள் நாலுல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலன்னு மன்றோவே கணக்குப் போட்டார். வீட்டுலயே படிக்கிறவங்களையும் சேர்த்தா மூணுல ஒருத்தர் வரலாம்னார். கொஞ்ச காலத்துக்கு முன்னாடி இருந்த ஐரோப்பாவோட ஒப்பிட்டா இது மோசமில்லன்னும் எழுதினார். ஆனா டெல்டாவுல மீதிப் பையன்கள் எங்க இருந்தாங்க? வயல்ல. பண்ணையாள் வீட்டுப் பையன் விவரம் தெரிஞ்ச வயசுலயே மிராசுதாரோட மாட்டை மேய்க்கப் போனான். அவன் திண்ணைப் பள்ளிக்கூடம் இருக்கிற தெருவுக்குள்ள நடக்கவே முடியாது.

அப்போ செலவை யார் பார்த்துக்கிட்டாங்க? பெரும்பாலும் பெற்றோர். மாசம் இவ்வளவு காசு, அரிசி, பண்டிகைக்குத் தட்சிணை. வாத்தியார் ஒருத்தருக்கு மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல தேறாது, அந்தக் காசுக்கு நல்லாப் படிச்சவங்க யாரும் இந்தத் தொழிலுக்கு வர மாட்டாங்கன்னு மன்றோ எழுதினார். பல்லாரி கலெக்டர் கேம்பல் இன்னும் ஒரு படி மேல போனார். அவர் ஜில்லாவுல 533 பள்ளிக்கூடம். அதுல ஒண்ணுக்குக்கூட அரசாங்கத்து உதவி இல்லன்னு மேலதிகாரிகளுக்கே எழுதினார். சனங்க ஏழையாகிட்டு இருக்காங்க, அதனாலதான் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தறாங்கன்னும் சொன்னார். கம்பெனி உத்தியோகத்துல இருந்துக்கிட்டே 1823-ல இப்படி எழுத தைரியம் வேணும்.

ராஜ்யம் போச்சு, சத்திரம் இருந்துச்சு

தஞ்சாவூர்ல பெற்றோரைத் தவிர இன்னொருத்தரும் செலவு பண்ணார். ராஜா.

இதுக்கு ஒரு கால் நூற்றாண்டு பின்னாடி போகணும். இரண்டாம் சரபோஜி 1798-ல பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே ஒப்பந்தம் போட்டு நாட்டைக் கம்பெனி எடுத்துக்கிச்சு. அவர்கிட்ட மிஞ்சினது கோட்டை, வருஷம் ஒரு லட்சம் பகோடா, நிகர வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு. சரஸ்வதி மகால், மருத்துவ ஆராய்ச்சின்னு அவரைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருப்பீங்க. நான் சத்திரத்தைப் பத்திப் பேசறேன்.

தஞ்சாவூர்ல இருந்து பட்டுக்கோட்டை போற ரோட்டுல ஒரத்தநாடு வரும். பஸ்ல முக்கால் மணி நேரம். அங்க முக்தாம்பாள் சத்திரம்னு ஒண்ணு இருக்கு, 1802-ல சரபோஜி கட்டினது. ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்குச் சோறு போடற இடம்னுதான் நானும் நினைச்சிருந்தேன். சத்திரங்கள்ல என்ன நடக்குதுன்னு 1801-ல சரபோஜி பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கு விளக்கமா எழுதினதைப் படிச்சப்போதான் விஷயம் புரிஞ்சுது. வழியில பெற்றோரை இழந்து வர்ற அநாதைப் பிள்ளைங்களைச் சத்திரத்து வாத்தியார்கிட்ட ஒப்படைப்பாங்க. மூணு வேளை சாப்பாடு. முறை வச்சு எண்ணெய்க் குளியல். உடம்புக்கு முடியலன்னா மருந்து. துணிமணி. விரும்பின படிப்பு. படிச்சு முடிச்சா கல்யாணச் செலவு வரைக்கும் சத்திரத்துக் கணக்கு.

யோசிச்சுப் பாருங்க. சாப்பாடு, துணி, மருந்து, படிப்பு நாலும் ஒரே கூரைக்குக் கீழ. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி. இதுக்கெல்லாம் காசு எங்க இருந்து வந்துச்சு? நிலம். ஒவ்வொரு சத்திரத்துக்கும் நிலம் எழுதி வச்சிருந்தாங்க. நெல் விளையற வரைக்கும் சத்திரத்து அடுப்பு எரியும். ராஜா செத்தாலும் அடுப்பு அணையாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வருவோம். சத்திரம் நிலைச்சு நின்னதுக்குக் காரணம் ராஜாவோட நல்ல மனசு மட்டும் இல்ல. செலவுக்கு வருஷா வருஷம் வர்ற வருமானத்தைக் கட்டி வச்சதுதான் காரணம்.

48,000 ரூபாய்க்கு என்ன ஆச்சு?

மன்றோ கணக்குக்குத் திரும்புவோம். ஒவ்வொரு ஜில்லாவுலயும் இந்துக்களுக்கு ஒண்ணு, முஸ்லிம்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பெரிய பள்ளிக்கூடம். ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலயும் ஒண்ணு. இவ்வளவுதான் திட்டம். இதுக்கு ஆகிற செலவு, நாடு முன்னேறினா தானா திரும்பி வந்துடும்னு அவர் வாதாடினார். இன்னைக்குப் பொருளாதார நிபுணர்கள் சொல்ற அதே வாதம், அப்பவே.

1827 ஜூலைல மன்றோ காலராவுல இறந்துட்டார். அவர் போட்ட 300 பள்ளிக்கூடக் கணக்குக்குப் பக்கத்துல கூட யாரும் போகல. திறந்த பள்ளிக்கூடங்களும் சரியா நடக்கல. 9 ரூபாய்க்கு நல்ல வாத்தியார் கிடைக்கல, போய் மேற்பார்வை பார்க்க ஆளும் இல்ல. 1830-ல லண்டன் மேலிடம், முதல்ல மேல்தட்டு ஆட்களுக்கு உயர்கல்வி கொடுங்க, அது தானா கீழ இறங்கும்னு சொல்லிச்சு. அப்புறம் 1836. மூடுவிழா.

கவனிச்சீங்களா? முதல்ல சம்பளத்தைக் குறைச்சு வைக்கறது. அதனால பள்ளிக்கூடம் சரியில்லாம போறது. கடைசியில "பாருங்க, சர்க்கார் பள்ளிக்கூடம் சரியில்ல"ன்னு சொல்லி மூடறது. இந்த வரிசை உங்களுக்கு எங்கயோ பழக்கமா இருக்கும்.

கல்வி கீழ இறங்கிச்சா? கும்பகோணத்துக்குப் போவோம். 1904-ல டவுன் ஹைஸ்கூல்ல படிச்சு முடிச்ச ஒரு பையனுக்கு அங்க இருக்கிற அரசுக் கல்லூரியில உதவித்தொகை கிடைச்சது. அப்பா ஜவுளிக்கடையில கணக்கு எழுதறவர், சம்பளம் மாசம் இருபது ரூபாய் அளவுல. கல்லூரிக் கட்டணம் ஒரு டெர்முக்கு 32 ரூபாய். பையன் கணக்கைத் தவிர வேற பாடத்தைத் தொடல, உதவித்தொகை போச்சு. 1905-ல வீட்டை விட்டே ஓடிட்டான். சீனிவாச ராமானுஜன். எட்டு வருஷம் கழிச்சு, 1913-ல, சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துச்சு. அதுக்கு நடுவுல அவர் பட்டினி கிடந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவர் கணித மேதை, கடைசியில கண்டுபிடிச்சாங்க. மேதையா இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் அந்த 32 ரூபாய்ல நின்னு போனாங்கன்னு யார்கிட்டயும் கணக்கு இல்ல.

சத்திரத்துக் கதவு

இப்போ ஒரத்தநாடு. ராஜ வம்சத்து ஆட்சி முடிஞ்சப்புறம் சத்திரங்களும் அதோட நிலங்களும் கைமாறி, ஜில்லா போர்டு நிர்வாகத்துக்கு வந்துச்சு. அதாவது பொதுச் சொத்து. ஒரத்தநாட்டுலயும் ராஜாமடத்துலயும் சத்திர வருமானத்துல மாணவர் விடுதி நடந்துச்சு. தங்கினது பிராமண மாணவர்கள் மட்டும். திருவையாறு கல்லூரியில அதே மாதிரி அறக்கட்டளைப் பணத்துல சமஸ்கிருதம் மட்டும். வயல்ல நாத்து நட்டவங்க உழைப்புல விளைஞ்ச நெல், அவங்க பிள்ளைங்க உள்ள நுழைய முடியாத விடுதிக்கு அரிசியாப் போச்சு.

1920-கள்ல ஜில்லா போர்டு தலைவரா வந்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், பாரிஸ்டர். அந்த விடுதிகளை மத்த சாதிப் பிள்ளைங்களுக்கும், ஆதிதிராவிடப் பிள்ளைங்களுக்கும் திறந்து விட்டார். திருவையாறு கல்லூரியில தமிழ் படிக்க வழி பண்ணினார், கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் கூட நின்னார். 1940-ல லண்டன் போற வழியில விமானம் ஓமான் வளைகுடா பக்கம் காணாமப் போய் பன்னீர்செல்வம் இறந்துட்டார். இன்னைக்கு அவர் பேர் நம்ம தலைமுறைக்கு அவ்வளவா தெரியாது.

அவர் செஞ்சதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. புதுசா பெரிய நிதி எதையும் அவர் தேடிப் போகல. ஏற்கனவே இருந்த காசு யாருக்குப் போகுதுன்னு கேட்டார். 'கல்விக்கு இவ்வளவு ஒதுக்கீடு'ங்கற தலைப்புச் செய்தி பாதி விஷயம்தான். அது எந்தப் பிள்ளை தட்டுல விழுதுங்கறது மீதிப் பாதி.

அடுத்த கட்டம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், வேகமா சொல்லிடறேன். 1920-ல சென்னை தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளிக்கூடத்துக்காக வரி போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்துச்சு. 1954-ல காமராஜர் முதல்வர், கல்வி இயக்குநரா நெ.து. சுந்தரவடிவேலு. 1956-ல மதிய உணவு. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசான்னா ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். 1982-ல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவா விரிவாக்கினார். டெல்டாவுல மாடு மேய்ச்ச பையன் கையில தட்டோட பள்ளிக்கூடத்துக்கு வந்தது இப்படித்தான்.

ஜூலை 16

இதோட முடிச்சா சந்தோஷமான கதை. ஆனா கும்பகோணத்துக்கு இன்னொரு தடவை போகணும். மனசு கஷ்டமா இருந்தா ரெண்டு பத்தி தாண்டிப் படிங்க.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலை. தனியார் நிர்வாகத்துல நடந்த பள்ளிக்கூடம், அதுல அரசு உதவி பெறும் பிரிவும் உண்டு. கீழ மதிய உணவு சமைக்கிற இடம், மாடியில கீத்துக் கொட்டகை வகுப்பறை, குறுகலான படிக்கட்டு. சமையல்கட்டுல பிடிச்ச தீ கூரைக்கு ஏறிச்சு. 94 குழந்தைங்க. பத்து வருஷம் கழிச்சு 2014 ஜூலைல தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. இப்பவும் ஒவ்வொரு ஜூலை 16-ம் பெற்றோர் அந்த வாசல்ல வந்து மெழுகுவர்த்தி ஏத்தறாங்க.

இதைக் குற்றவாளி யாருன்னு பேசறதுக்காகச் சொல்லல, அதுக்கு நீதிமன்றம் இருந்துச்சு. பட்ஜெட் கண்ணுல பாருங்கன்னு சொல்றேன். அன்னைக்கு அந்தக் கட்டடத்துக்குள்ள அரசாங்கத்து மானியம் இருந்துச்சு, சத்துணவுத் திட்டமும் இருந்துச்சு. சம்பளத்துக்கு ஒரு வரி, அரிசி பருப்புக்கு ஒரு வரி. கூரைக்கு? இரண்டாவது படிக்கட்டுக்கு? வருஷத்துக்கு ஒரு தடவை உள்ள வந்து ஒழுங்காப் பார்த்துட்டுப் போற ஆளுக்கு? 1836-ல மன்றோ பள்ளிக்கூடங்களை எதுல குறை சொன்னாங்களோ, அதே மேற்பார்வைதான் இங்கயும் காணோம். கீத்துக் கூரைக்குத் தடை வந்தது அதுக்கப்புறம்தான்.

இன்னைக்குக் கணக்கு

இப்போ நாம எங்க இருக்கோம்? தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டுல பள்ளிக்கல்விக்கு ஒதுக்கினது 46,767 கோடி ரூபாய். எல்லாத் துறைக்கும் மேல பெரிய தொகைகள்ல ஒண்ணு. சத்திரத்து ஞாபகம் வர்ற மாதிரி 2022-ல காலை உணவுத் திட்டமும் ஆரம்பிச்சாங்க. அதை மாநிலம் முழுக்க 31,008 பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனது 2023 ஆகஸ்ட் 25-ல, நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில. அதுவும் டெல்டாதான்.

"அப்புறம் என்ன, இவ்வளவு செலவு பண்றாங்களே, இன்னும் ஏன் கேக்கணும்?"னு என் நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது.

ஒண்ணு, நாம ஒத்துக்கிட்ட அளவே இன்னும் வரல. நாட்டு வருமானத்துல 6 சதவீதம் கல்விக்குன்னு கோத்தாரி கமிஷன் 1966-ல சொல்லிச்சு. 1986-க்குள்ள எட்டணும்னு இலக்கு. 2020 கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்ப எழுதி வச்சிருக்கு. நடுவுல 54 வருஷம். ஒரு தடவை கூட எட்டல.

ரெண்டு, ஒன்பது ரூபாய் வாத்தியார் இன்னும் இருக்கார். 2012-ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லிக்கொடுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. மாசம் 5,000 ரூபாய். சம்பளம் அப்பப்போ கொஞ்சம் ஏறிச்சு, ஆனா வேலையை நிரந்தரமாக்குங்கன்னு பத்து வருஷத்துக்கும் மேல தெருவுல உட்கார்ந்தாங்க. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர் இருக்கறதையும் பார்க்கறோம். ஒருத்தர் மீட்டிங் போனா அன்னைக்கு அஞ்சு வகுப்பும் ஒரே வகுப்பு. அப்புறம் "அரசுப் பள்ளி சரியில்ல"ன்னு அப்பா அம்மா கடன் வாங்கி வேற பள்ளிக்கூட வேன்ல ஏத்தி விடறாங்க.

மூணு, பணத்தை நிறுத்தறது இன்னைக்கும் சுலபமா இருக்கு. 2024-25-ல சமக்ர சிக்ஷா திட்டத்துல தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் ஒன்றிய அரசுகிட்ட நின்னு போச்சு. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்துல மாநிலம் கையெழுத்துப் போடலங்கறதுதான் தகராறு. இதுல எந்தப் பக்கம் நியாயம்னு உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கு. ஆனா ரெண்டு அரசாங்கம் சண்டை போட்டா ஒரு மூணாங்கிளாஸ் பிள்ளையோட காசு நிக்குதுன்னா, அந்தக் காசை நாம சரியான இடத்துல கட்டி வைக்கல.

வெறுமனே தொகையை ஏத்தினா பிள்ளைங்க படிச்சிடுவாங்கன்னு நான் சொல்ல வரல. மூணு விஷயம் சேர்த்துக் கேளுங்கன்னு சொல்றேன். சரபோஜி சத்திரம் மாதிரி, ஆட்சி மாறினாலும் ஆள் போனாலும் நிக்காத செலவா இருக்கணும். பன்னீர்செல்வம் கேட்ட மாதிரி, யாருக்குப் போகுதுன்னு பெயர் சொல்லிக் கேக்கணும். கும்பகோணத்துக்கு அப்புறம், கூரை, படிக்கட்டு, கழிப்பறை, மேற்பார்வை எல்லாம் அந்தக் கணக்குல தனி வரியா இருக்கணும்.

நகரத்துல இருக்கிற நமக்கு இது தூரத்து விஷயமாத் தோணலாம். ஆனா நீங்க ஓட்டுப் போடற வார்டுலயும் ஒரு அரசுப் பள்ளிக்கூடம் இருக்கும். அதுல எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை காலி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்க பத்து ரூபாய்தான் கட்டணம். 1822-ல மன்றோ அனுப்பின கேள்வித்தாளை இன்னைக்கு நாமளே அனுப்பலாம். பதில் வந்தா எனக்கு எழுதுங்க, இங்க வாசிக்கறேன்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.